குறைந்தது நேயர்களா, அளவுகோலா? டர்பன் இந்திய வானொலியின் 2016ஐ மறுபடி கணக்கிடுதல்

2016 மே 12 முதல் தன் எல்லா வானொலிகளிலும் ஒலிக்கும் இசையில் 90 சதவீதம் உள்நாட்டு இசையாக இருக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி முடிவெடுத்தது. பல நிலையங்களுக்கு அது பாட்டுப் பட்டியலைத் திருத்தி எழுதும் வேலை. டர்பனிலிருந்து ஒலிக்கும் லோட்டஸ் எஃப்எம்முக்கோ அடிமடியிலேயே கைவைத்த கதை. 1983இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கிய நாளிலிருந்து இந்தித் திரைப்பாடலும் தமிழ், தெலுங்குப் பாடல்களும்தான் அதன் பிழைப்பு. உள்நாட்டில் பதிவான இந்திய இசையை மட்டும் வைத்து நாள் முழுவதையும் நிரப்ப முடியாது. நேயர்கள் கொதித்தார்கள், விளம்பரதாரர்கள் முறையிட்டார்கள், அடுத்த ஆண்டில் அந்த விதி கைவிடப்பட்டது.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: பாட்டை மாற்றியதால் நேயர் போனார்கள், போனவர்கள் யூடியூபுக்குப் போனார்கள், இனித் திரும்ப மாட்டார்கள். கொள்கை தவறானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது எத்தனை நேயரைக் கொண்டுபோனது என்பதை அந்த ஆண்டு வெளிவந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காரணம், பாட்டு மாறிய அதே ஆண்டில் அளவுகோலும் மாறியது. இந்தக் குழப்பம் பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. தமிழ் நிகழ்ச்சி நேரத்தை வைத்திருப்பதா குறைப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதே தவறு வேறு வேடத்தில் வருகிறது.

ஒரே ஆண்டில் இரண்டு மாற்றங்கள்

1974 முதல் தென்னாப்பிரிக்காவில் ஊடகப் பழக்கத்தை அளந்து வந்த அமைப்பு சார்ஃப். வானொலிக்கு ரேம்ஸ், தொலைக்காட்சிக்கு டாம்ஸ், மொத்த ஊடக நுகர்வுக்கு ஆம்ப்ஸ் என்று அதன் ஆய்வுகள் விளம்பரச் சந்தையின் பொதுமொழியாக இருந்தன. ஒலிபரப்பாளர்கள் அதிலிருந்து விலகி 2015இல் பிஆர்சி என்ற தங்கள் சொந்த ஆய்வுக் கழகத்தை அமைத்தார்கள். 2016இல் ரேம்ஸ் புதிய மாதிரி வடிவமைப்போடு, புதிய ஆய்வு நிறுவனத்தின் கையில், புதிய தொடராகத் தொடங்கியது. பெயர் மட்டும் பழையது. பெயர் ஒன்றாக இருந்ததுதான் வினை: 2015இன் எண்ணையும் 2016இன் எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்துவிட்டார்கள்.

மாதிரி மாறினால் என்ன ஆகும்? நேர்காண்பவர் எந்தத் தெருவுக்குப் போகிறார், பூட்டிய வாசலுக்கு எத்தனை முறை திரும்பி வருகிறார், கிராமப்புறத்துக்கு எவ்வளவு இடம், எந்த மக்கள்தொகை மதிப்பீட்டால் எடை போடுகிறார்கள் என்ற ஒவ்வொன்றும் இறுதி எண்ணை நகர்த்தும். நாடு தழுவிய பெரிய நிலையத்துக்கு இந்த நகர்வு சில சதவீதம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிபிங்கோ, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா என்று சில பகுதிகளில் குவிந்து வாழும் ஒரு சமூகத்தின் நிலையத்துக்கு அது பெரிய அடி. மாதிரித் தெருக்கள் நான்கைந்து இடம் மாறினாலே எண் ஆடும்.

அடுத்தது சாளரக் கணக்கு. வானொலி எண்கள் ஒரு வாரத்தின் படம் அல்ல. பல மாதக் களப்பணியைச் சேர்த்துக் கொடுப்பவை. ஆறு மாதச் சாளரம் ஒன்றை எடுத்து, அது 2016 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 182 நாட்கள். மே 12க்குப் பிந்தியவை அதில் 50. ஆக, நேயர்கள் ஏழு நாளும் கேட்டதைக் குறித்துத் தரும் டைரிகளில் 27 சதவீதமே புதிய பாட்டுக் கொள்கையின் கீழ் எழுதப்பட்டிருக்கும், 73 சதவீதம் பழைய லோட்டஸைப் பற்றிப் பேசும். அந்தச் சாளரத்தில் பெரிய வீழ்ச்சி தெரிந்தால், அதை முழுக்கக் கொள்கையின் தலையில் கட்ட, அந்த 27 சதவீதத்தில் வீழ்ச்சி ஏறத்தாழ நான்கு மடங்கு செங்குத்தாக இருந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாளரத்தை நகர்த்தினால், அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளில் பாதித் தரவு ஒன்றேதான். "தொடர்ந்து இரண்டாவது காலாண்டாகச் சரிவு" என்று எழுதுகிறவர்கள் ஒரே டைரியை இரண்டு முறை எண்ணுகிறார்கள்.

கொள்கையின் தடமும் கருவியின் தடமும்

இரண்டும் எண்ணைக் குறைக்கலாம். ஆனால் குறைக்கும் விதம் வேறு. பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. மூன்றுக்கும் தேவையானது நிலையத்தின் மொத்த எண் அல்ல, கால் மணி நேர வாரியான அட்டவணை.

முதலாவது, நேரம். பாட்டுக் கொள்கை பாட்டு நேரத்தைத்தான் தாக்கும். செய்தி, பேச்சு, பக்தி நிகழ்ச்சி, மொழிவாரி நிகழ்ச்சி ஆகியவற்றில் அதன் காயம் ஆழமாக இராது. அளக்கும் கருவியின் மாற்றமோ காலை ஆறு முதல் இரவு வரை எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இழுக்கும். பாட்டு நேரமும் செய்தி நேரமும் ஒரே அளவு சரிந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாதிரியை.

இரண்டாவது, சென்றடைவும் (ஒருமுறையாவது கேட்டவர்களின் எண்ணிக்கை) கேட்ட நேரமும். மனத்தாங்கல் கொண்ட நேயர் மறுநாளே வானொலியைத் தூக்கி எறிவதில்லை. முதலில் குறைவாகக் கேட்பார், பிறகு வாரத்தில் சில நாள், அதன் பிறகே முற்றிலும் விலகுவார். ஆகவே கொள்கையின் தடம் கேட்ட நேரத்தில் முதலில் விழும். ஓர் எளிய கணக்கு: இரண்டு மணி நேர நிகழ்ச்சியை 40 பேர் ஆளுக்கு 45 நிமிடம் கேட்டால் 1,800 ஆள்நிமிடம். 120ஆல் வகுத்தால் சராசரி நேயர் 15. அதே 40 பேர் ஆளுக்கு 30 நிமிடத்தில் எழுந்து போனால் சராசரி 10. சென்றடைவு அப்படியே நிற்கிறது, சராசரி மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்கு மாறாக, கேட்ட நேரம் அசையாமல் சென்றடைவு மட்டும் திடீரென்று விழுந்தால், கேட்கிறவர்கள் மாதிரிக்குள் வராமல் போயிருக்கிறார்கள் என்று படிக்க இடமுண்டு.

மூன்றாவது சோதனைதான் நமக்கு மிகவும் பிடித்தது: ஒப்பீட்டு நிலையம். எஸ்ஏபிசியின் விதி தனியார் நிலையங்களைக் கட்டுப்படுத்தவில்லை. டர்பனின் ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோ தனியார் நிலையம். அதற்கு இந்திய வம்சாவளி நேயர்களும் உண்டு. அதே டைரிகளில், அதே இந்திய வீடுகளில், ஈஸ்ட் கோஸ்டின் எண் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் கருவியின் இழுப்பு தனியாகத் தெரியும். கணக்குக்காக மட்டும் எண் வைப்போம்: லோட்டஸ் பழைய அளவில் 0.75 ஆகவும், இந்திய வீடுகளில் ஈஸ்ட் கோஸ்ட் 0.90 ஆகவும் வந்தால், 0.75ஐ 0.90ஆல் வகுக்க 0.83. உண்மைச் சரிவு 25 சதவீதம் அல்ல, 17. லோட்டஸை விட்டவர்கள் சிலர் ஈஸ்ட் கோஸ்டுக்கே போயிருக்கலாம் என்பதால் இந்தத் திருத்தமும் முழுத் தூய்மையானது அல்ல. அப்படிப் போனது ஈஸ்ட் கோஸ்டைத் தூக்கிக் காட்டும். ஆகவே 17 என்பது கருவியின் இழுப்பைக் குறைத்து மதிப்பிட்ட கணக்கு, அதைக் கொள்கையின் பங்குக்கு மேல் வரம்பாகவே கொள்ள வேண்டும். உக்கோசி எஃப்எம்மை ஒப்பீட்டுக்கு எடுப்பது வீண். நாட்டின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்றான அது ஜூலு நிலையம், அதன் நேயர் மாதிரியில் வேறு தெருக்களிலிருந்து வருகிறார்கள்.

முப்பதாயிரம் டைரியில் நம் வீடு எத்தனை

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியர் அல்லது ஆசியர் என்று பதிந்தவர்கள் 2.5 சதவீதம், 2022இல் 2.7 சதவீதம். ஆண்டுக்கு 30,000 டைரி கொண்ட ஓர் ஆய்வு எல்லாரையும் சம விகிதத்தில் எடுத்தால், இந்திய வம்சாவளியினரின் டைரி 750 வரும். வார சென்றடைவு 30 சதவீதம் என்று வந்தால் பிழை வரம்பு கூட்டியும் கழித்தும் 3.3 புள்ளி. வீட்டுக்கு வீடு, தெருக் கொத்தாக எடுத்த மாதிரி என்பதால் வடிவமைப்பு விளைவு (கொத்தாக எடுப்பதால் மாறுபாடு பெருகும் மடங்கு) 1.5 என்று வைத்தால் 4 புள்ளி. அதாவது 26க்கும் 34க்கும் நடுவே எங்கோ. இது பரவாயில்லை.

கால் மணி நேரத்துக்கு இறங்கினால் பரவாயில்லை என்று சொல்ல வாய் வராது. ஒரு தமிழ் நிகழ்ச்சியின் ஒரு கால் மணிக்கு 2 சதவீதம் என்றால் அது 15 டைரி. பிழை வரம்பு 1.2 புள்ளி, ஆக உண்மை 0.8ஆகவும் இருக்கலாம், 3.2ஆகவும் இருக்கலாம். ஆறு மாதச் சாளரத்தில் அதுவும் ஏழெட்டு டைரி. கூட்டுக்குடும்ப வீடு ஒன்று மாதிரிக்குள் வந்ததா வரவில்லையா என்பதே நிகழ்ச்சியின் தலைவிதியாகிவிடும். ஆய்வு நிறுவனங்கள் சிறு குழுக்களை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்து எடையில் சமன் செய்வதுண்டு. அப்போதும் தமிழ் நேரம் என்ற ஒற்றைத் துண்டுக்குக் கிடைப்பது சில டசன்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்தவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு இன்று வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலம். 2011 கணக்கில் இந்தியர் அல்லது ஆசியர் பிரிவில் 86.1 சதவீதம் பேர் ஆங்கிலத்தையே முதல் மொழி என்றார்கள். மீதமிருக்கும் தமிழ் "பிற மொழிகள்" பெட்டிக்குள் போகிறது. அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, கணக்கெடுப்புப் படிவம் குறிப்பிடுவதில்லை. வீட்டு மொழியை வைத்து எடை போடும் எந்த ஆய்வும் தமிழ் நேரத்தின் நேயரைக் கண்டுபிடிக்காது. அவர் ஆங்கிலம் பேசுகிறவராகப் பதிவாகி, தமிழ் கேட்கிறார்.

டைரி, தொலைபேசி, மீட்டர்: எது எங்கே பொய் சொல்லும்

டைரியின் பெரிய நோய், ஏழு நாளையும் கடைசி இரவில் ஒரே மூச்சில் எழுதுவது. கண்டுபிடிப்பது எளிது: தொடக்கமும் முடிவும் முழு மணி, அரை மணியிலேயே விழும், ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே பேனா ஒரே சாய்வு. அப்படி எழுதியவர் பழக்கத்தை எழுதுகிறார், நடந்ததை அல்ல. பழக்கமாகக் கேட்கும் நிலையத்துக்கு இது லாபம், எப்போதாவது கேட்கும் நிலையத்துக்கு நட்டம். 2020இல் கோவிட் ஊரடங்கு வீடுவீடாகச் செல்லும் களப்பணியை நிறுத்தியது. அதன்பின் பிஆர்சி கொண்டுவந்த ரேம்ஸ் ஆம்ப்ளிஃபை தொலைபேசிப் பேட்டிப் பக்கம் நகர்ந்தது. தொலைபேசியில் வழக்கமாகக் கேட்பது நேற்றைய நாளை. நேற்றைய நாள் நன்றாக நினைவிருக்கும் என்பது அதன் பலம். அடுப்படியில் தானாக ஒலித்துக்கொண்டிருந்தது நினைவில் நிற்காது என்பது பலவீனம். ஞாயிறு காலைத் தமிழ் நிகழ்ச்சிக்கு இன்னொரு இடர்: நேற்று ஞாயிறாக இருப்பது ஏழில் ஒரு பேட்டியில்தான். களக்குழு திங்கட்கிழமை குறைவாக அழைத்தால், அந்த நிகழ்ச்சிக்கு அதுவும் இல்லை. ஆய்வு அறிக்கையில் கிழமைவாரிப் பேட்டி எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சியை டாம்ஸ் பீப்பிள் மீட்டரால் அளக்கிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, ஆளுக்கொரு பொத்தான் கொடுத்து, யார் திரைமுன் இருக்கிறார்கள் என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிகிறார்கள். பாட்டி பொத்தானை அமுக்கிவிட்டுப் பூஜையறைக்குப் போவதும், விருந்தினர் வந்தால் யாரும் விருந்தினர் பொத்தானைத் தொடாததும் எல்லா நாட்டு மீட்டருக்கும் உள்ள குறை. தென்னாப்பிரிக்காவின் தனிக் குறை மின்வெட்டு. 2022, 2023 இரண்டு ஆண்டிலும் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. மின்சாரம் இல்லாதபோது தொலைக்காட்சி பார்க்கவில்லை என்று பதிவது உண்மைதான். ஆனால் கருவி தன் தரவை அனுப்பவும் முடியாமல் போனால் அந்த வீடே அன்றைய கணக்கிலிருந்து கழன்றுவிடும். எஞ்சி நிற்பவை இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள், அதாவது வசதியான வீடுகள். எடை போட்டுச் சமன் செய்தாலும், வசதியான வீட்டின் பழக்கம் வசதியற்ற வீட்டின் பெயரில் பேசும்.

டர்பனுக்கு இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரின் மின்கட்டமைப்பைச் சிதைத்ததால் மாநகரம் சில மாதங்கள் லோட் ஷெட்டிங்கிலிருந்து விலக்குப் பெற்றது. அந்த மாதங்களில் சாட்ஸ்வர்த்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, லெனேசியா இருட்டில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு "டர்பன் தமிழர் தொலைக்காட்சியை விடவில்லை, ஜோகன்னஸ்பர்க் தமிழர் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள்" என்று யாராவது எழுதினால் அது பழக்கத்தின் ஆய்வு அல்ல, மின்வாரிய அட்டவணையின் ஆய்வு.

நேர வித்தியாசமும் கணக்கைக் குழப்பும். டர்பன் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குப் போகும் தமிழ்த் தொடர் நேரடியாக வந்தால் இங்கே மாலை 5.30. கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான டிஎஸ்டிவியில் தமிழ்ச் சேனல் பார்க்கிற வீட்டில் அந்த நேரத்தில் இருப்பவர்கள் முதியவர்கள். வேலையிலிருந்து திரும்பும் மருமகள் அதையே இரவில் யூடியூபிலோ செயலியிலோ பார்க்கிறார். மீட்டர் முதலாமவரைப் பிடிக்கிறது, இரண்டாமவரை விடுகிறது. தமிழ்த் தொடர் பார்ப்பவர்கள் வயதானவர்கள் என்ற முடிவு அங்கேயே தயாராகிவிடும்.

ஸ்ட்ரீமிங் பதிவேட்டைப் படிப்பது

இணையத்தில் ஒலிபரப்பும் நிலையத்திடம் சர்வர் பதிவேடு இருக்கும்: எந்த ஐபி (இணைய முகவரி எண்), எந்தக் கருவி, எப்போது இணைந்தது, எத்தனை விநாடி. மாதிரி எடுக்க வேண்டியதில்லை, எல்லாமே பதிவாகிறது என்று இதை நம்புகிறவர்கள் அதிகம். பதிவாவது இணைப்பு, ஆள் அல்ல.

சுத்தம் செய்யும் வரிசை இது. 60 விநாடிக்குக் குறைந்த இணைப்புகளைக் கழிக்க வேண்டும். நிலையத்தின் சொந்தக் கண்காணிப்பு மென்பொருளும், நிலையப் பட்டியல் தளங்களின் தானியங்கிச் சோதனைகளும் நாள் முழுக்க வந்து போகும், அவற்றைக் கருவிப் பெயரை வைத்து நீக்க வேண்டும். ஒரே ஐபி, ஒரே கருவி, இரண்டு நிமிட இடைவெளிக்குள் மீண்டும் இணைந்தால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கைப்பேசிக் கோபுரம் மாறும்போது அறுந்து ஒட்டுவது சாதாரணம். பதிவேட்டு நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். தென்னாப்பிரிக்கா அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், ஆகவே காலை 8 மணி நிகழ்ச்சியைப் பதிவேட்டில் 06:00இல் தேட வேண்டும். இதை மறந்து காலை 8 என்று தேடுபவர் பத்து மணி நிகழ்ச்சியின் நேயரை எண்ணி முடித்து, தமிழுக்கு ஆளில்லை என்பார்.

அதன்பின் "தனித்த நேயர்" என்ற எண்ணை நம்ப வேண்டாம் என்பது நம் கருத்து. கைப்பேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒரே ரகக் கைப்பேசி வைத்திருக்கும் இருவர் ஒருவராகச் சுருங்கிவிடுவார்கள். இன்னொரு பக்கம், வீட்டு வைஃபையில் தொடங்கி வழியில் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறவர் ஒருவரே இருவராகப் பெருகுவார். எந்தப் பக்கம் பிழை அதிகம் என்று சொல்ல வழியில்லை. மொத்தக் கேட்பு நேரத்துக்கு இந்த இரண்டு நோயும் இல்லை: இணைப்பு ஒன்றோ இரண்டோ, விநாடிகளின் கூட்டுத்தொகை மாறாது. 90 இணைப்புகள், மொத்தம் 2,340 நிமிடம், நிகழ்ச்சி 120 நிமிடம் என்றால் சராசரி 19.5. இந்த எண்ணையே டைரியின் சராசரி நேயரோடு பக்கத்தில் வைக்கலாம். அதற்குமுன் ஒரு பெருக்கல் பாக்கி: புளூடூத் பெட்டியில் சமையலறை முழுக்கக் கேட்டால் இணைப்பு ஒன்று, காது நான்கு. ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்பதைப் பதிவேடு சொல்லாது, டைரியில்தான் கேட்க வேண்டும்.

பாட்காஸ்ட் எண்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது, கேட்கப்படாமல் நின்றுபோன நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவிறக்கும் முறையை ஆப்பிள் மாற்றியது. உலகெங்கும் பல நிகழ்ச்சிகளின் பதிவிறக்கம் சரிந்தது. ஒரு நேயரும் போகவில்லை, கேட்காத பிரதிகள் இறங்குவதுதான் நின்றது. பழைய ஞாயிறு நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் எந்தத் தமிழ்ப் பக்கமும் அந்த மாதத்தைத் தாண்டி ஆண்டு ஒப்பீடு செய்யக் கூடாது.

டேட்டா விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 128 கிலோபிட் ஓடையில் ஒரு மணி நேரம் கேட்க 57.6 எம்பி ஆகும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 460 எம்பி. 2020 ஏப்ரலில் கைப்பேசி நிறுவனமான வோடகாம் 30 நாள் 1 ஜிபியை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. அந்த விலையில் தமிழ் நேரம் மட்டும் மாதம் ஏறக்குறைய 45 ராண்ட். எஃப்எம்மில் அது இலவசம். ஓய்வூதியக்காரர் எஃப்எம்மில் நிற்பதைத் தொழில்நுட்பம் தெரியாததன் அடையாளமாக எழுதுவோர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. 64 கிலோபிட் ஓடை ஒன்றைக் கூடுதலாகத் திறந்தால் செலவு பாதியாகும், பேச்சு நிகழ்ச்சிக்கு அந்தத் தரம் போதும்.

டர்பனில் ஒரு சிறு அளவீடு

தேசிய எண் தமிழ் நேரத்துக்கு எட்டாது என்றால், சங்கங்களும் நிலையமும் சேர்ந்து தாங்களே அளக்கலாம். முடித்துத் தரும் டைரி 200 இலக்கு, அதற்கு 280 பேரிடம் கொடுக்க வேண்டும். கோயில் உறுப்பினர் பட்டியலையும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பட்டியலையும் எடுத்து அழைப்பது எளிது, ஆனால் பயனற்றது. ஏற்கெனவே தமிழோடு ஒட்டியிருப்பவர்கள் மட்டும் வருவார்கள், எண் வானத்தில் நிற்கும். கோவெண்டர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது அதைவிட மேல். ஆனால் நாயுடு தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் உண்டு, சாமுவேல், டேவிட் என்று பெயருள்ள தமிழ்க் கிறிஸ்தவர் விடுபடுவார், கலப்பு மணம் செய்த பெண்ணின் பெயர் எதையும் சொல்லாது. தெருவாரி எடுப்பதுதான் சரி: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், இசிபிங்கோ என்று பகுதிக்கு ஐந்தாறு தெருக்கள், தெருவில் ஒவ்வொரு ஏழாவது வாசல். மின்வாசலும் நாயும் உள்ள வீடுகளில் மணியடித்து நிற்பது பலிக்காது. முதல் நாள் கடிதம் போட்டுவிட்டு மறுநாள் மாலை போனால் திறக்கிறார்கள்.

வாசலில் கேட்கும் முதல் கேள்வி வீட்டு மொழியாக இருக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது தமிழ் பாட்டோ பேச்சோ கேட்டால் புரியுமா, குடும்ப வழிபாட்டில் தமிழ் உண்டா, கடந்த நான்கு வாரத்தில் தமிழில் எதையாவது கேட்டதோ பார்த்ததோ உண்டா என்ற மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் வீடு கணக்கில் வரும். பேட்டி ஆங்கிலத்தில் நடக்கட்டும். நிகழ்ச்சிப் பெயர்களை மட்டும் ஒலிபரப்பில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்ல வேண்டும். "லோட்டஸ்" என்று பதில் வந்தால் உடனே எழுதிவிட வேண்டாம். எந்த இந்தியப் பாட்டு நிலையத்தையும் அந்தப் பெயரால் அழைக்கும் வீடுகள் உண்டு. அறிவிப்பாளர் யார், அதற்கு முன்னால் என்ன போனது என்று கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

டைரி கால் மணிக் கட்டங்களாக இருக்கட்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பத்தி: என்ன, எதன் வழியாக, எங்கே, கூட எத்தனை பேர். "எதன் வழியாக" என்ற பத்தியில் எஃப்எம் பெட்டி, கார், செயலி, யூடியூப் ஆகியவற்றோடு டிஎஸ்டிவி டிகோடரும் இருக்க வேண்டும். வானொலியைத் தொலைக்காட்சியில் வைத்துவிட்டு வேலை பார்க்கும் வீடுகள் நிறைய. கேட்டால் "டிவி ஓடியது" என்பார்கள், வானொலிக் கணக்கிலிருந்து ஒரு முழுக் காலை காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பி, அன்றைய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் ஏழு நாளைச் சேர்த்து எழுதும் பழக்கம் பெரிதும் குறையும்.

200 பேரில் 15 முதல் 34 வயதுக்காரர் 40 பேரே வந்து, சமூகத்தில் அவர்கள் 40 சதவீதம் என்றால், அவர்களுக்கு எடை 2, மற்ற 160 பேருக்கு 0.75. எடைகளின் கூட்டுத்தொகை 200, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 250. 200இன் வர்க்கத்தை 250ஆல் வகுத்தால் 160. அதாவது 200 பேரைப் பிடித்தும் 160 பேரின் துல்லியமே கையில். எடை 4ஐத் தாண்டினால் எடையால் சரிசெய்யப் பார்க்காமல் இன்னும் சில இளைஞர்களைத் தேடிப் போவது மேல்.

எந்த வாரம் அளப்பது என்பது தனிக் கவலை. புரட்டாசியில் இறைச்சியைத் தள்ளி விரதம் இருக்கும் வீடுகளில் பக்திப்பாட்டு ஒலிக்கும் நேரம் கூடும். ஆடியில் மாரியம்மன் கூழ் வழிபாடு, தைப்பூசக் காவடி, தீபாவளிக்கு முந்திய வாரம் எல்லாமே எண்ணைத் தூக்கும். புரட்டாசி செப்டம்பர் நடுவில் நிலையாக வருவதால் ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம். இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியோடு நகரும், தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே நகரும். இவை ஓர் ஆண்டு களப்பணிக்குள்ளும் மறு ஆண்டு வெளியிலும் விழுந்தால் பழக்கம் மாறியதாகத் தோன்றும். மே மாத நடுவில் இரண்டு வாரம், விழாவற்ற சாதாரண வாரங்களாக எடுப்பது நல்லது.

முறையை மாற்ற வேண்டி வந்தால், மாற்றும் ஆண்டில் பாதி வீட்டுக்குப் பழைய டைரியும் பாதி வீட்டுக்குப் புதிய தொலைபேசிப் பேட்டியும் ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டும். வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும், பகுதிவாரியாகப் பிரித்தால் பகுதியின் பழக்கம் முறையின் பெயரில் வரும். இரண்டு பாதியின் விகிதம்தான் பழைய தொடரையும் புதிய தொடரையும் கட்டும் பாலம். 2016இல் அந்தப் பாலம் இருந்திருந்தால் மேலே போட்ட சுற்றுவழிக் கணக்குகள் எதுவும் தேவைப்பட்டிருக்காது. நூறு நூறு பேர் என்றால் விகிதத்தின் பிழை பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே கால் மணி எண்ணுக்கு அதைப் பயன்படுத்தாமல் வார சென்றடைவுக்கும் மொத்தக் கேட்ட நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனம், சமயம் பற்றிய விவரங்களைத் தென்னாப்பிரிக்காவின் தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா சிறப்புத் தனிநபர்த் தகவலாக வைக்கிறது. அதன் நடைமுறைப் பிடி 2021 ஜூலை 1 முதல். ஆகவே ஒப்புதல் எழுத்தில் வேண்டும், பெயரும் எண்ணும் டைரியிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தரவு ஏற்றி முடிந்ததும் களப்பணியாளரின் கைப்பேசியிலிருந்து அழிக்கப்பட வேண்டும். குழு அரட்டையில் டைரிப் படங்களை வாங்கும் சங்கங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டார் எந்தச் சேனல் பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனால் அடுத்த சுற்றில் எழுதப்படுவது கேட்டது அல்ல, கேட்டதாகச் சொல்லிக்கொள்ளத் தக்கது. ஒவ்வொருவரும் ஒரு தனி எண்ணுக்கே அனுப்ப வேண்டும்.